புகைக் காய்ச்சல்

வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கென்று ஒரு காய்ச்சல் உண்டு. ஜி.ஐ. பைப்பின்மேல் துருப் பிடிக்காமலிருக்க வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாமல் வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைப் பகலில் விழுங்கியவனுக்குச் சாயங்காலம் குளிரெடுக்கும், உடம்பை முறித்துப் போடும், தகரத்தை நக்கினது போல வாயில் ஒரு ருசி நிற்கும். போர்த்திக்கொண்டு படுத்தால் மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான். எங்கள் வரிசையில் அதற்குப் புகைக் காய்ச்சல் என்று பெயர். மருந்து, ஒரு சொம்பு பால். பால் நிஜமாகவே கேட்கிறதா என்று எவனும் சோதித்துப் பார்த்ததில்லை. தானாகப் போகிற காய்ச்சலுக்கு எதைக் கொடுத்தாலும் கேட்கத்தான் செய்யும்.

நான் வெல்டர் இல்லை, கண்ணாடிக்காரன். ஆனால் பதினோரு வருஷம் வெல்டிங் ஷெட்டுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்ததில் அந்தத் தொழிலைப் பற்றி வாய்கிழியப் பேசுமளவுக்குத் தெரிந்துவைத்திருந்தேன். அந்த ஷெட்டுக்காரன் நெட்டையனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவன் அந்தப் பக்கம் ஜன்னல் சட்டம் அடிப்பான், நான் இந்தப் பக்கம் கண்ணாடி வெட்டுவேன். அவன் சட்டத்தை முடித்துக் கொடுத்தால்தான் எனக்குப் பொருத்த வேலை. ஆள் அவ்வளவு உயரம். ஷெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஷட்டருக்குக் கும்பிடு போடுவது போலக் குனிவான். பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கார்டில் பார்த்தால்தான் உண்டு. பீடி பிடிப்பான். குடிக்கமாட்டான். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். பெரியவர்கள் சொன்னால் சரி, கூட வேலை செய்கிறவர்கள் சொன்னால் சரி, பொண்டாட்டி சொன்னால் மட்டும் "பாப்போம்" என்பான். அதுவும் எங்கள் எதிரில்தான். வீட்டில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது.

அவன் மனைவியும் ஷெட்டில்தான் வேலை. பைப்பைப் பிடித்துக்கொள்வது, கிரைண்டர் போடுவது, பிரைமர் அடிப்பது எல்லாம் அவள். புடவைமேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. என்னை அண்ணே என்பாள். என் சம்சாரம் அவளுக்கு அண்ணி. இரண்டு கடைக்கும் பின்னாலேயே இரண்டு வீடுகளும் இருந்தன. அவர்களுக்கு ஒரே பெண், நாலாவது படிக்கிறது.

அந்த மழைக்காலத்தில் சளியை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. அதற்கு வந்தது, அம்மாவுக்கு ஒட்டியது, பிறகு அப்பாவுக்கு. பிள்ளைக்கு நாலு நாளில் போயிற்று. அவளுக்கு ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான். அவன் மட்டும் இருமிக்கொண்டே இருந்தான். இருமினான் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. வெல்டர் இருமாமல் இருந்தால்தான் கவனித்திருப்போம்.

அப்போது ஒரு மாட்டுப் பண்ணைக்குத் தடுப்புக் கம்பி வேலை வந்திருந்தது. முழுக்க ஜி.ஐ. பைப். வெளியே வைத்து அடிக்க வேண்டிய வேலை. மழை விடவில்லை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளேயே வைத்து அடித்தார்கள். தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக என் கடைக்கும் அந்தப் புகை வந்தது. நான் ஃபேனைத் திருப்பி அதை அவர்கள் பக்கமே அனுப்பினேன். இப்போது நினைத்தால் என்னமோ போலிருக்கிறது.

அப்படி அடித்த அன்று சாயங்காலம் அவனுக்குக் குளிரெடுத்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினானாம். மறுநாள் காலையில் நான் சட்டம் கேட்கப் போனேன். பெரிய வீடு ஒன்றுக்குப் பதினாலு ஜன்னல், பன்னிரண்டு முடிந்து இரண்டு பாக்கி. அவன் பழைய கார் சீட்டைப் போட்டுச் செய்த பெஞ்சில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். முதல் கடை லேத்துக்காரரும் டீ கிளாசோடு வந்து நின்றார். எங்கள் வரிசையில் வயதில் மூத்தவர், பேச்சிலும் அவருக்குத்தான் முதல் இடம்.

"அண்ணே, இவருக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் விடவே இல்ல" என்றாள் அவள் என்னைப் பார்த்து. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா பாப்போம் பாப்போம்ங்கறாரு."

"எத்தனை பைப்பு அடிச்சான்?" என்றார் லேத்துக்காரர்.

"நாப்பது இருக்கும்."

"அப்புறம் என்ன? நாப்பது பைப்போட புகையக் குடிச்சவனுக்கு ஒரே நாள்ல எறங்கிடுமா? ரெண்டு நாள் ஆகும். பால் குடுத்தியா?"

"குடுத்தேன். வாந்தி எடுத்துட்டாரு."

"இன்னொரு சொம்பு குடு."

"புகைக் காய்ச்சல் எனக்குத் தெரியாதாண்ணே? கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன். இது அது இல்ல. வலது பக்கம் விலாவுல குத்துதுங்கறாரு. மூச்ச இழுத்தா முகம் கோணிக்குது. காலைல துப்புனாரு, சளி துரு மாதிரி வந்துச்சு."

"வெல்டருக்குத் துரு மாதிரி வராம பவுன் மாதிரியா வரும்?" என்றார் லேத்துக்காரர்.

நான் சிரித்தேன். அவனும் சிரிக்கப் பார்த்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"அதே புகைய நானும்தானே முழுங்கினேன்? பைப்ப புடிச்சது யாரு? எனக்கு ஏன் வரல?"

"பொம்பளைங்களுக்கு அதெல்லாம் வராதும்மா. உங்களுக்குத் தலைவலி, கைவலி, கால்வலின்னு வேற நெறைய இருக்கே" என்றார் லேத்துக்காரர்.

"அவருக்குன்னா வெளையாட்டாப் போச்சு உங்களுக்கு" என்று முனகிக்கொண்டே அவள் கஞ்சி வைக்கப் பின்பக்கம் போனாள்.

"பயப்படாத தங்கச்சி, நாளைக்கு எந்திரிச்சிடுவான்" என்றேன் நான். அது ஆறுதலுக்குச் சொன்னது. என் ஆறுதலை யார் கேட்டார்கள்?

மறுநாளும் மழை. நான் கடை திறந்து, மேஜையைத் துடைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து வைத்திருந்தேன். பெரிய வீட்டுக்காரர் காலையிலேயே போனில் ஒரு பாட்டு பாடி முடித்திருந்தார். ஜன்னல் இல்லாமல் மழைத் தண்ணீர் உள்ளே அடிக்கிறதாம். அந்த எரிச்சலில் இருந்தேன். அப்போதுதான் நெட்டையன் வந்தான். ஸ்டூலில் உட்காரும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினான்.

"என்னடா, எறங்குச்சா?"

"இல்லண்ணே. அவ பாப்பாவப் பள்ளிக்கூடத்துல விடப் போயிருக்கா. வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லிட்டுப் போனா."

"போறியா?"

"அதான்... உங்களக் கேட்டுட்டுப் போலாம்னு."

என்னைக் கேட்க என்ன இருக்கிறது? நான் என்ன டாக்டரா? அப்போது எனக்கு அது தோன்றவில்லை. கேட்டான் என்பதே பெருமையாக இருந்தது. போ என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒரு ஆம்பளை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால், பயந்து போனதாக இருக்காது, புத்திசாலித்தனமாகப் போனதாக இருக்கும்.

நான் சொன்னது இது. "ரெண்டு நாள் காய்ச்சலுக்குப் பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கப் போறியாக்கும்? நல்லா இருக்கும்டா பாக்கறதுக்கு. லேத்துக்காரர் பாத்தாருன்னா ஒரு மாசத்துக்கு ஓட்டுவாரு."

அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"அந்த ரெண்டு சட்டத்த மட்டும் முடிச்சிடு. ஆளு போன்லயே என்னத் திங்கறான். முடிச்சிட்டுப் போ. உன்ன யாரு வேணாங்கறது?"

"சரிண்ணே" என்றான். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனான். கால்மணி நேரத்தில் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் கேட்டது. விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு பாயிண்ட் வைப்பான், வெகுநேரம் சத்தமிருக்காது, பிறகு ஒன்று. ஆள் வேலையில் இறங்கிவிட்டான், நாளை கண்ணாடி மாட்டிவிடலாம் என்று நான் அளவெடுக்க ஆரம்பித்தேன்.

அவள் திரும்பி வந்ததும் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"கெளம்பி நில்லுன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டுப் போனேனே! வந்து பாத்தா மூஞ்சில ஷீல்டு! உசுரு வேணாமா உனக்கு? எம்பேச்ச ஒரு நாளாவது கேட்டிருக்கியா நீ?"

அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இந்த ரெண்டு சட்டம் முடிச்சிட்டு வரேன்." என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நேரே என் கடைக்கு வந்திருப்பாள், இரண்டு அறை விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை, அவனை ஆட்டோவில் ஏற்றியிருப்பாள். நான் எழுந்துபோய் நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடியில் பாதிக் கோடு இழுத்திருந்தேன். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

ஒரு சட்டம் முடிந்தது. இரண்டாவதில் மூன்று மூலை. மதியம் அவள் சோறு வைக்கப் போனபோது அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தானாம். அங்கே யாருமில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் கத்தின கத்தலில் வரிசை முழுவதும் ஓடிவந்தது. நானும் லேத்துக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். ஆட்டோவுக்குள் அவன் கால் அடங்கவில்லை. முழங்காலை மடக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு அடுப்பு போலக் கொதித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நிமோனியா, அதாவது நுரையீரலில் சளிக் காய்ச்சல், அதன் கிருமி ரத்தத்திலும் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்கூட என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வெல்டிங் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும், யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னார்கள். போன வருஷம் ஒரு சுகாதார அக்கா எங்கள் வரிசையில் வந்து கடைக்குக் கடை நோட்டீஸ் கொடுத்தாள். ஊசி குழந்தைகளுக்கும் கிழவிகளுக்கும்தானே என்று லேத்துக்காரர் கேலி செய்தார். என் நோட்டீசை நான் கையில் ஒட்டிய கண்ணாடிப் பட்டிப் பசையைத் துடைக்க எடுத்துக்கொண்டேன்.

ஆண்கள் வார்டில் கட்டில் இல்லை. சுவரோரம் கூடுதலாகப் போட்டிருந்த ஒன்றில் அவனைக் கிடத்தினார்கள். எதிரே நடையைத் தாண்டி அதே நோய்க்கான பெண்கள் வார்டு. அங்கே ஐந்தாறு கட்டில்கள் விரிப்பு மாற்றிச் சும்மா கிடந்தன. அடுத்த நாள் காலை டிரிப் மாற்ற வந்த நர்சம்மாவிடம் அவள் அதைத்தான் கேட்டாள்.

"ஏம்மா, எங்க வீட்ல மூணு பேருக்கும் ஒரே சளிதான். எனக்குப் போயிடுச்சு, புள்ளைக்குப் போயிடுச்சு. அவரவிட எனக்குத்தான் உடம்புல தெம்பு கம்மி. இவருக்கு மட்டும் ஏன் இப்படி?"

நர்சம்மா நாற்பது வயதுக்காரி. அவசரமில்லாமல் பதில் சொன்னாள்.

"அந்தக் கிருமி பாதிப்பேரு மூக்குல, தொண்டையில வந்து தங்கிட்டுப் போறதுதாம்மா. உன் மூக்குலயும் இருந்திருக்கும், புள்ளை மூக்குலயும் இருந்திருக்கும். நூத்துல ஒருத்தருக்குக்கூட ரத்தத்துக்கு எறங்காது. அப்படி எறங்குறவங்கள எண்ணிப் பாத்தா பொம்பளையவிட ஆம்பளதான் கூட. இங்க பாரேன், எந்த வார்டு நெறஞ்சிருக்கு? எல்லா மழைக்கும் இப்படித்தான்."

"ஏன் அப்படி?"

"பீடி, குடி, வேலைல இழுக்கற புகை, எல்லாம் சேந்துதான். ஆனா ஒரு பழக்கமும் இல்லாத ஆம்பளையும் வர்றான். பால்குடிப் புள்ளைங்கள்லகூட பையன்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பொம்பள உடம்பு இந்தக் கிருமிய எதுத்து நிக்கறதுல கொஞ்சம் கெட்டின்னு டாக்டருங்க சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியல." டிரிப்பைத் தட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பொம்பளைங்க நடந்து வருவாங்க. ஆம்பளைங்களத் தூக்கிட்டு வருவாங்க."

அவள் என்னைக் குறி வைத்துச் சொன்னாளா என்று தெரியாது. என் காது சூடாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அவன் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. கட்டிலுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டிருந்த காலை அவள் பிடித்துக்கொண்டு, "சொன்னேனே, சொன்னேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். லேத்துக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை.

ஷெட்டை அவள் மூடவில்லை. ஒரு வெல்டரைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள். முதல் நாளே அவனைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் வேலை என்றாள். மழை பெய்தாலும் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கும். எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் செத்துப்போன நெட்டையனைத் திட்டினாள். கிரைண்டர் ஓடும்போதும் திட்டுவாள், நிறுத்தினதும் தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

"சொன்னாக் கேக்கற ஜென்மமா அது? ரெண்டு சட்டம் பெருசாப் போச்சு. நானும் புள்ளையும் பெருசாத் தெரியல. பிடிவாதம். பிடிவாதத்தக் கட்டிக்கிட்டே போயிட்டான்."

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கண்ணாடி வெட்டிக்கொண்டிருப்பேன். இன்று சொல்லிவிடலாம் என்று எழுவேன். யாராவது வாடிக்கையாளர் வருவார், இல்லையென்றால் வருவார் என்று நானே உட்கார்ந்துகொள்வேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவன் வரவா போகிறான் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படிப் போயிற்று. என் சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் பெண் என் கடைக்கு வந்து உடைந்த கண்ணாடித் துண்டில் சின்னதாக ஒன்று கேட்டது, பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்யச் சொன்னார்களாம். விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தேன். கையைக் கீறிக்கொள்ளாதே, பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று வழக்கம்போல ஏதோ சொன்னேன்.

"நான் கேப்பேன் மாமா. எங்கப்பாதான் கேக்கமாட்டாரு. அம்மா பேச்சக் கேக்காததுனாலதான் செத்துட்டாரு" என்றது. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. முகத்தில் வருத்தம்கூட இல்லை.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. பிள்ளை போனதும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். வெல்டர் சாப்பிடப் போயிருந்தான். அவள் குந்தி உட்கார்ந்து ஒரு கேட்டுக்குப் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்குக் காலைல அவன் எங்கடைக்கு வந்தான்."

பிரஷ் நின்றது.

"நீ பாப்பாவ விடப் போயிருந்தியே, அப்ப. நீ வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போறேன், போகட்டுமான்னு எங்கிட்ட கேட்டான். நான்தான் கேலி பண்ணேன். அந்த ரெண்டு சட்டத்த முடிச்சிட்டுப் போன்னு சொன்னதும் நான்தான். அவனா ஷீல்டு எடுக்கல."

திட்டுவாள் என்று நின்றேன். கையிலிருந்த டப்பாவைத் தூக்கி என்மேல் ஊற்றினாலும் நின்றிருப்பேன். பிரைமர் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குச் சொட்டியது.

"எந்தச் சட்டை போட்டிருந்தாருண்ணே?"

அதை எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல் யோசித்தேன். நினைவுக்கு வந்தது. "நீலக் கட்டம் போட்டது. பொறி படாதது. மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான்."

"நான் வந்து பாத்தப்ப வேலைச் சட்டைல இல்ல இருந்தாரு. வேலைக்குப் போடறது இல்லையே அது. வெளிய போனா போடறது." அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அவரு கெளம்பித்தான் இருந்திருக்காரு. நான் சொன்னதுக்குக் கெளம்பிட்டாரு."

"ஆமாம்மா."

"தெரியாமப் போச்சே. தெரியாம எட்டு மாசமா அந்த மனுஷனத் திட்டிக்கிட்டே இருந்தேனே அண்ணே."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் செத்த அன்று அழுத அழுகை வேறு. அதில் கோபம் இருந்தது, இதில் அது இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுப் பக்கம் போனாள்.